சாக்குக்குள்ள ஒரு கிலோ வெல்லம்

...அதுக்குக் காரணம் நான்தானுங்க. வேற ஆருமில்ல. வெளிநாட்டுக்குப் போன எடத்துல என்ற பேத்தி கண்டதையும் தின்னு எடை ஏறிப்போச்சுன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்களாமா? அத்தனையும் பொய்யுங்க. அந்தச் சேர இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க, சொல்றேன்.

எனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியுமே. வாரா வாரம் நான் பேசறத மருமக சுமதிதான் எழுதி உங்களுக்கு அனுப்பறா. இன்னைக்கு இப்பவே மொறைக்கறா. மொறைக்கட்டும்... அவ பெத்த புள்ள விசயமாச்சே!

பேத்தி இலக்கியா பாக்ஸிங் ஆடறாளுங்கல்ல? அம்பத்தொரு கிலோ பிரிவு. அதென்ன கிலோ கணக்குன்னு நானும் கேட்டேன். "அப்பத்தா, ஒரே எடை இருக்கறவங்களத்தான் மோத உடுவாங்க. சண்ட இருக்கற அன்னைக்கெல்லாம் காத்தால மெஷின்ல ஏத்திப் பாப்பாங்க. அம்பத்தொண்ணுக்கு மேல துளி ஏறுனாலும் வெளிய போன்னுருவாங்க"ன்னா. துளின்னா எவ்வளவு சாமீன்னேன். "நம்ம கோழிப்பண்ணை முட்டை ஒண்ணு கூடுனாக்கூடப் போச்சு"ன்னா.

பாத்துக்கங்க. நாம ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் முட்டை ஏத்தி உடறோம்!

பல நாடு சேர்ந்து ஆடற பெரிய போட்டிக்கு இவளுக்கு மொத மொதலா பேரு வந்துச்சு. கேம்ப் முடிஞ்சு அஞ்சு நாள் லீவு. இங்க வந்துட்டு, இங்கிருந்தே நேரா ஏரோப்ளேன்.

வந்தாளே... ஐயோ, எப்படி இருந்தா தெரியுங்களா? கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய. தட்டுல அரைக் கரண்டி களி, ரெண்டு வெள்ளரிக்காத் துண்டு. காத்தால எந்திரிச்சதும் பல்லுகூட விளக்காம கோழி எடை போடற மெஷின்ல போய் ஏறி நிக்கறா. நம்பரப் பாத்துட்டுத்தான் தின்னலாமா வேண்டாமான்னு முடிவு. பெத்தவ பாத்துட்டுச் சும்மா இருப்பா. எனக்கு ஆகுமுங்களா?

அப்பத்தான் எனக்கு அந்த யாவாரி நெனப்பு வந்துச்சு. முட்டை உட்டு ஓஞ்ச கோழிய வாங்க வருவானே ஒருத்தன். தட்டு மேல கால லேசா வெச்சு, பட்டன அமுக்கி, சைபர் காட்ட வெச்சுட்டுக் கால எடுத்துக்குவான். அப்பறம் எந்தக் கோழிய வெச்சாலும் எடை கொறச்சலாத்தான் காட்டும். நாந்தான் கண்டுபுடிச்சு அவன வெரட்டுனேன். படிக்காதவளா இருந்தா என்ன, கண்ணு இருக்குதில்லைங்க!

செவ்வாய்ப்பேட்டையில வாங்கியாந்த வெல்லம் ஊட்டுல இருந்துச்சு. ஒரு கிலோ பாக்கெட்டு. அத ஒரு சாக்குல மடிச்சு மெஷின் தட்டு மேல விரிச்சாப்புல வெச்சு, பட்டன ஒரு அமுக்கு. சைபரு. புள்ள வந்து பாத்தா, "ம், கரெக்டா இருக்குது". அவ கால வெக்கப் போறப்போ, "இரு கண்ணு, சாக்கெல்லாம் கோழிப்பீயி"ன்னு வெடுக்குனு ஒரே இழுப்பு!

மொத நாளு அம்பதுதான் காட்டுச்சு. அவ மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க... அன்னைக்கு ரெண்டு தோசை தின்னா. மறுநா ஆட்டுக்கால் சூப்பு. அஞ்சு நாளும் சாக்க இழுத்தேன், அஞ்சு நாளும் ஆக்கிப் போட்டேன். போறப்ப கன்னத்துல கொஞ்சம் சதை புடிச்சிருந்துச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அங்க போய் எறங்குன அன்னைக்கே சாய்ங்காலமா போனு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். மறுநா காத்தால எடை போடணும், இவ அம்பத்தொண்ணுக்கு மேல தொள்ளாயிரம் கிராம் ஏறி நிக்கறாளாமா.

"திருட்டுத்தனமாத் தின்னுருக்கறேன்னு கோச் திட்டறாங்க அப்பத்தா. இனிமே கேம்ப்புக்கே பேர் குடுக்கமாட்டேங்கறாங்க. என்ற ஒடம்ப என்னாலயே நம்ப முடியல"ன்னு தேம்பறா.

அந்தக் கடைசி வார்த்தையக் கேட்டதும் தண்ணிக் கொடத்த அப்படியே கீழ வெச்சுட்டேனுங்க. அவ ஒடம்பு என்ன தப்பு பண்ணுச்சு?

"போன உங்க கோச்சம்மாகிட்டக் குடு சாமி"ன்னேன். சாக்கு, வெல்லம், பட்டனு... ஒண்ணு உடாமச் சொன்னேன்.

"பாட்டி, போட்டியில ஆடறது நீங்களா, அவளா?"ன்னாங்க.

"அவதானுங்க. நான் அடி வாங்கறதுக்குத்தானுங்க பேசறேன்."

"உங்கள வந்து கவனிச்சுக்கறேன். புள்ளையத் தப்பா நெனச்சுட்டேன்... போன வெய்ங்க, எங்களுக்கு வேலை கெடக்குது"ன்னாங்க.

வேலைன்னா என்ன? வேத்து எடை எறங்கோணும்னு ஒடம்பச் சுத்தி பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கிட்டு ஓட்டம். கயிறு தாண்டறது. பொட்டுத் தண்ணி குடிக்கப்படாது. இங்க நானும் குடிக்கல. நான் குடிக்காம இருந்தா அங்க கொறையுமான்னு சுமதி கேட்டா. கொறையாதுதான். ஆனாலும் எப்படிங்க தொண்டையில எறங்கும்?

மறுநா போனு வந்துச்சு. அம்பத்தொண்ணுக்கு நாப்பது கிராம் கம்மி. ஒரு முட்டை எடைகூட இல்லைங்க! அப்பத்தான் சொம்பத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சேன்.

ரெண்டு சண்டை ஜெயிச்சா. மூணாவது தோத்துட்டா. அதுக்கும் மெடலாமா! அரையிறுதியில தோத்தாக்கூட வெங்கலம் உண்டாம். எந்த மவராசன் போட்ட சட்டமோ, நல்லா இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுதுங்க. நாம ஒரு கரண்டி சேத்து வெச்சுட்டு பாசம்னு பேர் வெச்சுக்கறோம். அதச் சொமந்துக்கிட்டு ஓடறது புள்ளைங்க.

முந்தாநாளு வந்தா. எங்கிட்டப் பேசவே இல்ல. ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே திரிஞ்சா. இன்னைக்குக் காத்தால பண்ணைக்குள்ளிருந்து, "அப்பத்தா, இங்க வா"ன்னு ஒரு அதட்டல். பயந்துக்கிட்டேதான் போனேன்.

அதே சாக்கு. அதே வெல்லம். மெஷின் மேல மடிச்சு வெச்சு அவளே பட்டன அமுக்குனா. அவளே வெடுக்குனு இழுத்தா. ஏறி நின்னா.

"பாரு, நின்ன எடத்துலயே ஒரு கிலோ எளைச்சுட்டேன். அடுத்த போட்டிக்கு ரெண்டு மாசமிருக்குது. போ, இந்த வெல்லத்துலயே கச்சாயம் சுடு"ங்கறா!

ஐயையோ, அடுப்புல பாகு முறுகற வாசம் வருதுங்களே... சுமதி, எழுதுனது போதும், அந்த மாவ எடு!