திரொம்சோவில் பிந்தி வந்த பொங்கல்

கோர்ன் ஃபிளவர் மா பைக்கற்றை விரலால் அழுத்தினால் உள்ளே ஒரு சத்தம் வருமே… அந்தச் சத்தம்தான். காய்ந்த பனியில் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் வந்தது. எனக்குப் பின்னாலும் வருவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

பிற்பகல் மூன்று மணி. கும்மிருட்டு.

போன வெள்ளிக்கிழமை லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயிலில் என் சினேகிதி வசந்தி கேட்டாள். மகள் நோர்வேயின் வடக்கு முனையில் இருக்கும் திரொம்சோவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாளாம், வானத்தில் பச்சை வெளிச்சம் பார்க்க. அந்தக் குளிருக்குள் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று கேட்டாள். பூசை தொடங்கிவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் போய் ஆறு வருடமாகிறது. பச்சை வெளிச்சம் பார்க்கப் போகவில்லை. அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன்.

அண்ணை அங்கே மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லை. அண்ணி காலமாகி ஆண்டுத் திவசமும் முடிந்திருந்தது. இனியும் அவரைத் தனிய விடக்கூடாது என்று, லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் பின் அறையைக் கழுவி, கட்டில் போட்டு, திரும்பி வர இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

போனவுடன் தேத்தண்ணி ஊற்றினார். மூன்று கோப்பை.

ஒன்று எனக்கு. ஒன்று அவருக்கு. மூன்றாவதை ஜன்னலோரம் வைத்தார். ஆறிய பிறகு அதை ஊற்றிவிட்டு, உதடு படும் இடத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்… யாரோ குடித்த கோப்பையைக் கழுவுவதுபோல.

என் கணக்குக் கொப்பியை எங்கே போனாலும் கொண்டுபோவேன். அங்கே அண்ணை என்னை எதற்கும் காசு கொடுக்க விடவில்லை. எழுத ஒன்றுமில்லாமல் விளக்கேற்றிய நேரத்தை எழுதினேன். பக்கத்தில் சூரியன் என்று ஒரு நிரல். இல்லை. இல்லை. இல்லை.

நண்பகலில் மட்டும் ஒரு நீல வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் ஒன்றுக்கும் நிழல் விழாது. வீதியில் போகிற சனம் நிலத்தில் கால் படாமல் போவதுபோல் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் வடிந்துவிடும்.

தைப்பொங்கலும் வந்தது. மிச்சம் வீட்டில் செய்வதுபோலக் காலை எட்டு மணிக்குப் பானை வைத்தேன். போனில் திசை பார்த்து, கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் படைத்துக் கும்பிட்டேன். கண்ணாடியில் தெரிந்தது விளக்கும் என் முகமும்தான். அதற்கு அப்பால் கறுப்பு.

அண்ணை குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூரியன் இன்னும் வரேல்லைப் பிள்ளை. ஆருக்குப் படைச்சனீ?”

அவர் ஒரு வாய்கூடத் தொடவில்லை. எனக்கும் தின்னப் பயம். படைத்ததை எறியவும் பயம். இரண்டு நாள் அது அப்படியே மூடிக் கிடந்தது.

பிறகுதான் சொன்னார். அவரும் அண்ணியும் ஒரு வருடமும் தை முதலாம் திகதி பொங்கியதில்லையாம். இன்னும் ஒரு கிழமை பொறுத்தால் சூரியன் திரும்பி வரும். அன்றைக்கு மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில், தெற்குப் பார்த்துப் பொங்குவார்களாம்.

“தெற்கோ? அது யமன்ர திசையெல்லே, அண்ணை.”

“இஞ்ச சூரியனுக்கு வேற வழியில்லை.”

அந்த ஒரு கிழமையும் நான் தெற்குப் பக்கம் பார்க்கவே இல்லை. அண்ணை தெற்கு ஜன்னலை விட்டு எழும்பவே இல்லை.

அன்றைக்கு ஊர் முழுக்க வெளியே வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் இனிப்புப் பணிஸ். சூரியன் வரும் நாளில் அங்கே எல்லோரும் அதைத்தான் தின்பார்களாம். நாங்கள் காஸ் அடுப்பும் பானையுமாகச் சரிவில் ஏறி நின்றோம். பால் ஓரத்தில் நுரைக்கத் தொடங்கியபோது பிள்ளைகளின் சத்தம் திடீரென்று அடங்கியது. இரண்டு மலைகளுக்கு நடுவே, நகத்தளவு சிவப்பு…

நாலு நிமிடம் இருந்திருக்கும்.

அண்ணை கும்பிடவில்லை. தன் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு விலகி நின்று, அந்த இடத்தைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னார். பதில் கேட்ட மாதிரித் தலையாட்டினார். நான் நின்றது அவருக்கு வலப்பக்கம்.

சூரியன் இறங்கிய பிறகு கேட்டேன், வந்ததிலிருந்து கேட்கப் பயந்துகொண்டிருந்ததை.

“என்னோட வாங்கோ, அண்ணை. மிச்சத்தில ஒவ்வொரு நாளும் சூரியன் வரும்.”

“ஒவ்வொரு நாளும் வந்தால் ஆர் பார்த்துக்கொண்டு நிக்கிறது? இஞ்ச எண்டால், இண்டைக்கு அவள் கட்டாயம் வருவாள்.”

அந்தப் பொங்கலை இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டோம். பிளேனில் பக்கத்து சீற் வெறுமையாகத்தான் வந்தது. அதில் என் கைப்பையைக்கூட வைக்கவில்லை. ஏனென்று எனக்கே தெரியாது.

இப்போது அந்தப் பின் அறையில் மகனின் உடற்பயிற்சிச் சைக்கிள் நிற்கிறது. மிச்சத்தில் பொங்கலன்று வானம் மூடிக் கிடந்தால் போனைப் பார்த்து, சூரியன் உதித்துவிட்டது என்று சொல்லிப் படைத்துவிட்டு, எட்டரைக்குப் பிள்ளைகள் வேலைக்கு ஓடுகிறார்கள். வந்ததா என்று ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நானும்தான்.

போன மாதம் அண்ணை போன் எடுத்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டதாம். ஜன்னலுக்கு முன்னால் புதுக் கட்டடம் வேறு எழும்பிவிட்டதாம்.

“மலையில ஏற ஏலாது, பிள்ளை. வந்ததோ எண்டு பார்த்துச் சொல்ல ஓராள் வேணும்.”

வசந்தி, எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான். வாற தைக்கு நானும் போகிறேன். இந்த முறை ஒரு டிக்கெட்தான் எடுத்தேன். சரிவில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, வாசலில் நின்று கொஞ்சம் உரத்துச் சொல்லவேண்டும். வீட்டுக்குள் இருக்கிற இரண்டு பேருக்கும் கேட்கும்படி.