பூஜையில் மாட்டிக்கொண்ட விண்ணப்பம்

குளித்துவிட்டு வந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜைமேல் என் லேப்டாப் இல்லை. கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பஞ்சாங்கத்துக்கும் சுருதிப் பெட்டிக்கும் நடுவே, சந்தனம் குங்குமம் சாமந்திப்பூ சகிதம் உட்கார்ந்திருந்தது.

"அம்மா! இன்னிக்கு அஞ்சரைக்குள்ள அனுப்பணும்மா!"

"பூஜை ஆயாச்சு. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை பண்ணிட்டுதான் எடுக்கணும். இன்னிக்குப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. தெரியாதா நோக்கு?"

நான் வெடித்துச் சிதறிய விண்மீன்களின் மிச்சத்தை ஆராய்கிறவள். அந்த மிச்சம் இன்னும் கோடி டிகிரியில் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு எக்ஸ்ரேயாகத்தான் தெரியும், எக்ஸ்ரே காற்றைத் தாண்டிக் கீழே வராது. அதனால் தொலைநோக்கி பூமிக்கு மேலே சுற்றுகிறது. அதில் நேரம் கேட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் எனக்கு வேலை நீட்டிப்பு கிடையாது. முந்தின நாளே அனுப்பித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் ஆராய்ச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்.

"நட்சத்திரம் வெடிச்சு எவ்வளவு வருஷம் ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஆயிரக்கணக்குல."

"இத்தனை வருஷம் இருந்தது இன்னும் ஒரு நாள் இருக்காதா?"

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். மந்தைவெளியில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் எவருமில்லை. தசமி பிறந்துவிட்டால் எடுக்கலாமே, அது சாயங்காலமே பிறந்துவிடுகிறதா என்று பார்க்க அப்பா பஞ்சாங்கத்தை எடுக்கப் போனார். அதுவும் பூஜையில் இருந்தது. அம்மா பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு நான் அழுதேவிட்டேன். அதற்குத்தான் அம்மா இறங்கி வந்தாள்.

"எல்லாம் எழுதி வெச்சுட்டேங்கறே. பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதானே? நான் படிக்காம, எழுதாம அமுக்கறேன். லைட் சுவிட்ச் போடறோமே, அந்த மாதிரி. நீ சுவத்தைப் பார்த்துண்டு நில்லு, கண்ணு தானா படிச்சுடும்."

நின்றேன். "கீழே, நீலப் பொத்தான்."

"அமுக்கியாச்சு. ஏதோ கேக்கறதுடி."

"என்ன கேக்கறது?"

"நான்தான் படிக்கலையே!"

"ஐயோ அம்மா! எத்தனை பொத்தான் இருக்கு?"

"ரெண்டு. வலதுதான் சுபம்," என்று அவளே முடிவு பண்ணி அமுக்கினாள். "போயாச்சு."

போனில் வந்த மின்னஞ்சலைத் திறக்கவும் விடவில்லை.

மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் ஆளுக்கொன்று படிக்க வேண்டும். என்னை அந்த மின்னஞ்சலையே படிக்கச் சொன்னாள். உங்கள் விருப்பப்படி விண்ணப்பம் நீக்கப்பட்டது என்றிருந்தது. அரைகுறையாகக் கேட்ட அப்பா, "ரொம்ப சந்தோஷம்," என்றார்.

அனுப்பவா, நீக்கவா என்று கேட்டதில் அம்மாவின் சுபமான வலது பொத்தான் 'நீக்கு'. நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, பள்ளிக்கூட ஆங்கிலத்தில் தொலைநோக்கி அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டாள். தவறு முழுக்க என்னுடையது, என் மகள்மேல் பிழையில்லை. எட்டிப் பார்த்தேன். அடுத்த வரியில் என் விண்மீன் மிச்சத்தின் பட்டியல் எண், புள்ளி, கழித்தல் குறி உட்பட, என்னைக் கேட்காமலே எழுதியிருந்தாள். நான் சொல்வதை ஒருநாளாவது காதில் வாங்கியிருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. கோபம் போய் மறுபடி அழுகைதான் வந்தது.

இரண்டு நாளில் பதில் வந்தது. வருந்துகிறோம், யாருக்காகவும் விதியைத் தளர்த்த இயலாது. அம்மா அதை இரண்டு தடவை படித்தாள்.

"அங்கேயும் என்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரி உக்காந்துண்டிருக்கா," என்றாள்.