பிரவீனா அப்ளிகேஷன் போட்ட கதை

ஜேடர்பாளையத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, வாய்க்கால் ஓரமா இருக்கற நல்லம்மாள் ஊட்டுல பூக் கேக்காம ஒரு காரியமும் நடக்காது. தண்ணிக்குப் போர் போடறதா, பூக் கேளு. எருமை வாங்கறதா, பூக் கேளு. பையனுக்குப் பொண்ணு பாக்கறதா, அதுக்குச் சொல்லவே வேண்டாம். செவ்வரளி ஒண்ணு, வெள்ளரளி ஒண்ணு எடுத்து, ரெண்டையும் தனித்தனியா வாழையிலைக் கிழிசல்ல பொதிஞ்சு நாருல கட்டி, குலசாமி காலடியில வெச்சிருவாங்க. பூசாரி கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுப்பார். வெள்ளை வந்தா ஆத்தா சரின்னுட்டா. செவப்பு வந்தா வேண்டாம்னுட்டா. அதுக்கு மேல அப்பீல் கெடையாது. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பைக்கூட இன்னொருக்கா பாக்கச் சொல்லி மனுப் போடலாமாம். நல்லம்மாள் ஊட்டுல அதுவும் நடக்காது.

அப்பேர்ப்பட்ட ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ பிரவீனா. பொறந்த ஊரு வாழப்பாடி. வந்த புதுசுல "வீடு, வீடு"ன்னு பேசிக்கிட்டிருந்தவ இப்ப "ஊடு"ங்கறா, அந்த அளவுக்கு இந்த மண்ணுல ஊறிட்டா. கணக்குல பட்டம் வாங்கினவ. வேலூர்ல, நம்ம பரமத்தி வேலூர்தான், ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. புருசன் நந்தகுமார் ரிக் வண்டியில ஊரூராப் போயி போர்க் கெணறு தோண்டறவன். மத்தியப் பிரதேசத்துல எங்கியோ பாறையைக் கொடஞ்சுக்கிட்டிருக்கறான், மழைக்காலத்துல ஊட்டுப் பக்கம் தலையைக் காட்டுவான். ஒரே புள்ளை அபிநயா, மூணாவது படிக்கறா.

பிரவீனாவுக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும். ஆனா ஒண்ணைப் புடிச்சான்னா உடும்புப்பிடி. போன சித்திரையில அவ புடிச்சது, சேலத்துல ஒரு காலேஜ்ல இருக்கற மனநல ஆலோசனைப் படிப்பு. பட்டத்துக்கு மேல ரெண்டு வருசம். எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் போன்லயே அப்ளிகேஷன் போடலாம், அப்புறம் நேர்ல கூப்புட்டுப் பேசி எடுப்பாங்க. ஃபீஸுக்குன்னு சம்பளத்துல மிச்சம் புடிச்சும் வெச்சிருந்தா. எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கிட்டுத்தான் மாமியா நல்லம்மாள்கிட்ட வாயைத் தொறந்தா.

"மனசுக்கொரு படிப்பா?" நல்லம்மாள் மோவாய்ல கையை வெச்சுக்கிட்டா. "பைத்தியத்தோடயா போயி உக்காரப் போற?"

"பைத்தியமில்லீங்க அத்தை. மனசு சங்கடப்பட்டு வாரவங்க பேசுவாங்க. நாம கேக்கோணும்."

"கேக்கறதுக்கு எதுக்குப் படிப்பு? காது இருந்தாப் பத்தாதா?"

"நாமக்கல்ல கோழிக்கும் மாட்டுக்குமே டாக்டர் படிப்புப் படிக்கறாங்க. மனுசன் மனசுக்குப் படிச்சா ஆகாதுங்களா?"

இதோட நல்லம்மாள் தோத்துட்டான்னு நெனச்சிராதீங்க, வேற பக்கமா வருவா. "நீ பாட்டுக்கு விடியக்கருக்கல்ல பஸ் ஏறிப் போயிட்டீன்னா பாப்பாளுக்கு யாரு தலை சீவி உடறது? சோறு யாரு ஊட்டறது? என்னால ஆவாது சாமி, இப்பவே சொல்லிப்போட்டேன்."

அங்கதான் முடிச்சு விழுந்துச்சு. அந்தப் புள்ளையப் பாத்துக்க நல்லம்மாளை உட்டா வேற நாதியில்லை. மாமியா ஒத்துக்கிட்டாத்தான் மருமக பஸ் ஏற முடியும். புருசன்கிட்டக் கேக்கலாம்னு போன் போட்டா, அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரையற சத்தம். "அம்மா சரின்னா எனக்கும் சரி"ன்னு கத்தறான். "உங்களுக்குன்னு ஒரு வாய் இல்லீங்களா?"ன்னு இவ கேட்டா. "என்னது? கேக்கலை!"ங்கறான். நல்லா கேட்டிருக்கும் அவனுக்கு!

இவ எதுக்கு இதைப் போயிப் புடிச்சுக்கிட்டாங்கறதை இப்பச் சொல்லிப்போடறேன். நந்தகுமாருக்கு ஒரு தம்பி இருந்தான், நவீன்குமாருன்னு. டாக்டருக்குப் படிக்கோணும்னு நுழைவுப் பரீட்சை எழுதிக்கிட்டிருந்தான். ஒருக்கா எழுதி, மறுக்கா எழுதி, அதுக்கப்புறம் ஒரு நாள் தன் உசுரைத் தானே மாச்சுக்கிட்டான். வருசம் நாலாச்சு. போலீசு கேட்டதுக்கு, தீராத வயித்து வலின்னு சொன்னாங்க. சொந்தபந்தத்துக்கும் வயித்து வலி, பேப்பர்லயும் வயித்து வலி. நம்ம பக்கம் இப்படிப் போயிச் சேர்ந்தவங்க அத்தனை பேருக்கும் வயித்து வலின்னுதான் எழுதறாங்க. இத்தனை பேருக்கு வயித்து வலின்னா கவுருமெண்டு ஊருக்கொரு வயித்து டாக்டரையாச்சும் போட்டிருக்க வேண்டாமா? கேக்க ஆளில்லை. நல்லம்மாள் அன்னையில இருந்து அவன் பேரை வாயில எடுக்கறதில்லை. அவன் படத்தைக்கூட மாட்டலை. அந்த ஊட்டுக்குள்ள அவனைப் பத்திப் பேச வழியில்லாம பிரவீனா நாலு வருசமா மூச்சு முட்டிக் கெடந்தா.

மாமியாளும் மருமகளும் மாசக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தாங்க. அப்ளிகேஷனுக்குக் கடைசி நாளும் வந்துருச்சு. ஞாயித்துக்கெழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. அன்னைக்குக் காலையில நல்லம்மாளே எறங்கி வந்தா.

"பூக் கேட்டுப் பாக்கலாம் கண்ணு. வெள்ளை வந்துச்சுன்னா மவராசியாப் போ. பாப்பாளை நான் பாத்துக்கறேன். செவப்பு வந்துச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

பிரவீனா யோசிச்சா. மாட்டேன்னா அன்னைக்கே கதை முடிஞ்சுது. சரின்னா பாதிக்குப் பாதியாச்சும் வழியிருக்குது. "சரிங்க அத்தை"ன்னுட்டா.

நல்லம்மாளே பூவைப் பறிச்சா, நல்லம்மாளே பொதிஞ்சு கட்டினா. காட்டுக்குள்ள இருக்கற கோயிலுக்கு நடந்தாங்க. மாதேஸ்வரன் பூசாரி கற்பூரத்தைக் காட்டிட்டு, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சார்.

செவப்பு.

"ஆத்தா வேண்டாங்கறா அம்மணி"ன்னார் பூசாரி. பேசின பேச்சு பேச்சுதானே, என்ன பண்றது? கும்புட்டுட்டுத் திரும்பப் போன பிரவீனா, அப்பத்தான் மாமியாளைப் பாத்தா. மிச்சப் பொட்டலத்தை எப்பவும் பூசாரிதான் கொண்டுபோயி வாய்க்கால்ல உடுவார். யாரும் பிரிச்சுப் பாக்கறதில்லை, பிரிச்சா ஆத்தாளைச் சந்தேகப்பட்ட மாதிரி. அன்னைக்கு நல்லம்மாள் அவசர அவசரமா அதை எடுத்து மடியில சொருகிக்கிட்டா. சாமி ஊட்டுல களவாண்டவ மாதிரி சுத்திமுத்தும் பாத்தா.

பிரவீனா கையை நீட்டினா. "குடுங்க அத்தை."

"வேண்டாங் கண்ணு. பிரிக்கப்படாது."

"குடுங்க."

வாங்கிப் பிரிச்சா. உள்ள செவ்வரளி.

சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. இங்க பூசாரி பாவம், ஒரு பாவமும் அறியாதவர். "இதென்ன கூத்து அம்மணி?"ன்னு கேட்டுட்டு, மாமியா மருமக சண்டையில மாட்டிக்குவோமேன்னு விளக்குக்கு எண்ணெய் ஊத்தற மாதிரி உள்ள போயிட்டார். பிரவீனாவுக்கு உச்சந்தலைக்கு ஏறுச்சு கோவம். 'சாமிகிட்டயே கள்ள ஓட்டுப் போட்டுட்டீங்களே!'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா ஊரே அவ பக்கம் நின்னிருக்கும். ஆனா மாமியா மூஞ்சியைப் பாத்தா. திருட்டு முழி இல்லை அது. கெலி புடிச்ச மூஞ்சி, பயந்து போன மூஞ்சி. வாயை மூடிக்கிட்டு முன்னால நடந்தா. நல்லம்மாள் பின்னால வந்தா.

ஊட்டுக்கு வந்ததும் நல்லம்மாள் மாட்டுக் கொட்டாய்க்குப் போயி, தீவனத் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. பிரவீனா சமையக்கட்டுல ரெண்டு பாத்திரத்தை உருட்டினா. கோவம் ஆறலை. இருந்தாலும் போனா.

"ஏனுங்க அத்தை, நான் படிக்கப் போறதுல உங்களுக்கு அப்படி என்னங்க பயம்?"

"பயமா? எனக்கென்ன பயம்?"

பிரவீனா நகரலை. நின்னுக்கிட்டே இருந்தா. எருமை ரெண்டு வாய் வைக்கோலை இழுத்து மென்னுச்சு.

"வெள்ளை வந்துருமோன்னு பயந்துட்டேன்"ன்னா நல்லம்மாள். அப்புறம் முந்தானையை வாயில வெச்சு அழுத்திக்கிட்டா. "அன்னைக்கு, அந்தப் பையன்... 'அம்மா, கொஞ்ச நேரம் உக்காரும்மா'ன்னான். கொடிக்கால்ல வெத்தலை கிள்ள ஆளுங்க வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. 'இருடா வாரேன்'னு போயிட்டேன். யாருக்கும் சொல்லலை. உம் புருசனுக்கும் தெரியாது. நீ இந்தப் படிப்பைப் படிச்சுப்போட்டு வந்தீன்னா, உனக்கு எல்லாம் தெரிஞ்சு போயிரும். 'நீங்க உக்காந்திருந்தா அவன் இருந்திருப்பானுங்க அத்தை'ன்னு எம் மூஞ்சிக்கு நேரா ஒரு நாளைக்குச் சொல்லிப்போடுவ. அதைக் கேட்டுப்போட்டு நான் எப்படி சாமி உசுரோட இருப்பேன்?"

வேற யாரா இருந்தாலும் 'உங்க மேல தப்பில்லைங்க, விதி'ன்னு ஆறுதல் சொல்லித் தேத்தியிருப்பாங்க. பிரவீனாவுக்கும் அதுதான் வாயில வந்துச்சு. சொன்னா மாமியா கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுருவா, மறுபடியும் நாலு வருசம் பேசமாட்டான்னு தோணுச்சு. அதனால சாணி கெடந்ததைக்கூடப் பாக்காம அவ பக்கத்துல கீழ உக்காந்தா. கோவம் எங்க போச்சுன்னே தெரியலை.

"நான் அப்படிச் சொல்லமாட்டேனுங்க அத்தை. அவன் இருந்திருப்பானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. எந்தப் படிப்புப் படிச்சாலும் அதைத் தெரிஞ்சுக்க முடியாதுங்க. ஆனா 'கொஞ்ச நேரம் உக்காரு'ன்னு சொல்ற புள்ளைங்க இன்னும் எத்தனையோ இருக்குதுங்க. உக்கார்றவங்க வேணுமுங்க. நான் இன்னைக்கு அப்ளிகேஷன் போடத்தான் போறேன். நீங்க சரின்னாலும் போடுவேன், வேண்டாம்னாலும் போடுவேன். சரின்னு சொன்னீங்கன்னா பாப்பாளை நெனச்சுப் பயப்படாமப் போயிட்டு வருவேன்."

நல்லம்மாள் தரையையே பாத்துக்கிட்டிருந்தா. "அதுல அவனைப் பத்தி எழுதியிருக்கியா?"

எழுதலை. ஏன் இந்தப் படிப்புக்கு வாரீங்கன்னு அப்ளிகேஷன்ல ஒரு கேள்வி இருந்துச்சு. தமிழ்லயே எழுதலாம். 'சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்'னு எழுதி வெச்சிருந்தா. படிச்சா அவளுக்கே வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

"உங்களைக் கேக்காம எப்படிங்க எழுதறது?"

நல்லம்மாள் மூக்கை உறிஞ்சினா. "எழுதிப்போடு."

பிரவீனா போனை எடுத்து, இருந்ததை அழிச்சுட்டு, மொதல் வரியை எழுதிப் படிச்சுக் காட்டினா. 'என் கொழுந்தனார் நவீன்குமார் நாலு வருசத்துக்கு முன்னால தற்கொலை செஞ்சுக்கிட்டார்.' நல்லம்மாள் கண்ணை மூடிக்கிட்டா. திட்டப் போறான்னு பிரவீனா நெனச்சா.

"அதை மட்டும் எழுதாத"ன்னா நல்லம்மாள். "செத்ததை மட்டும் எழுதினா அவுங்க எம் பையனை எப்படித் தெரிஞ்சுக்குவாங்க? ஆத்துல அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்துவான்னு எழுது. கபடியில அவனைப் புடிக்க ஆளில்லைன்னு எழுது. பாப்பா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் முன்னால அவன்தான் ஓடியாந்தான், எழுது. கோழிக் கொழம்புல ஈரலுன்னா உசுரு. அதையெல்லாம் எழுதலாமா?"

"எழுதலாமுங்க அத்தை."

எழுதினா. ஈரலையும் எழுதினா. அதைப் படிச்ச பேராசிரியருங்க என்ன நெனச்சாங்களோ தெரியாது. சீட்டு கெடச்சுதான்னு கேப்பீங்க. கெடச்சுது, ஆவணியில இருந்து சேலம் போயிட்டு வாரா. பாப்பாளுக்கு நல்லம்மாள்தான் தலை சீவி உடறா. அது பெரிசில்லை.

அன்னைக்கு மூடறதுக்குக் கொஞ்சம் முன்னால அப்ளிகேஷன் போயிருச்சு. "போயிருச்சுங்க அத்தை"ன்னு பிரவீனா போனைக் கீழ வெச்சா. நல்லம்மாள் அதைக் காதுல வாங்கவே இல்லை. நவீனு சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு கொடிக்காலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டதைச் சொல்லிக்கிட்டிருந்தா. சொல்லிச் சிரிச்சா, சிரிச்சு அழுதா, மறுபடியும் சொன்னா. மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம் வந்து போயிருச்சு. பிரவீனா எந்திரிக்கலை. கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா.