மூக்கிக்குச் சாம்பிராணி

குற்றாலத்தில் காலை ஏழு மணிக்குப் பெரிதாக ஓர் இருமல் கேட்டால் யாரும் பதறமாட்டார்கள். நர்ஸ் செண்பகவல்லி வேலைக்குக் கிளம்புகிறாள் என்று அர்த்தம். இருமுவது அவளுடைய கார்.

இத்தாலியில் பந்தயத்துக்கென்றே செய்த கார் அது. இரண்டே சீட்டு, மேலே கிழிந்த கித்தான், முன்னால் ஓர் ஆள் படுத்து உறங்கும் அளவுக்கு நீண்ட மூக்கு. அதனால் ஊரார் அதற்கு மூக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, 1950-இல் சீமைக்குக் கப்பலேறும்போது, அதை யார் தலையிலும் கட்ட முடியாமல் தன் டிரைவர் பலவேசத்திடமே விட்டுப் போனார். பலவேசம் செண்பகவல்லியின் புருஷன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள்.

மூக்கிக்குப் பிகு அதிகம். சரிவில் நிறுத்தி உருட்டிவிட்டால்தான் உயிர் வரும். வெயிலில் கொதிக்கும், சாரலில் நமுத்துப்போகும். 1954 கோடையில் கீழப்பாவூர்ப் பக்கம் கொதித்து நின்றபோது, பலவேசம் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். பீறிட்ட வெந்நீர் அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது.

“அந்த மூதேவிய எடைக்குப் போடுங்க” என்று செண்பகவல்லி அழுதாள்.

“அவ என்ன செய்வா? சூட்டோட தொறந்தது நாந்தான” என்றார் பலவேசம்.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆறு மாதம் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஊட்டினால் தின்பார், படு என்றால் படுப்பார். கண் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள், இதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், “பிரசவம் பாக்கப் போற ஊருக்கெல்லாம் பஸ் கெடையாது. எனக்கு அந்தக் காரை ஓட்டப் படிச்சுக் குடுங்க” என்றாள். பலவேசம் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

அப்புறம் ஏழெட்டு வருஷம் அப்படியே ஓடிற்று. தென்காசி, வீரகேரளம்புதூர், வடகரை என்று எங்கே போனாலும் இருவரும்தான். அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்துச் சீட்டில் சாய்ந்து என்ஜினுக்குக் காது கொடுப்பார். “என்ஜின் சூடாயிட்டு, சோக்கை உள்ள தள்ளு. கியரை மாத்து, மூச்சு வாங்குதா பாரு.” பொம்பளை கார் ஓட்டுகிறாள் என்று சிரித்தவர்கள்கூட, தங்கள் வீட்டில் வலி கண்டதும் மூக்கியின் இருமல் கேட்கிறதா என்று வாசலில் நின்றார்கள்.

சாரல் காலத்துக்கு மட்டும் தனி வைத்தியம். என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் மூடி ஈரம் குடித்துவிட்டால் மூக்கி அசையமாட்டாள். ஒருநாள் அருவியில் குளித்துவிட்டு வந்த செண்பகவல்லி கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். மணம் பிடித்து வந்த பலவேசம், அந்த மூடியையும் கழற்றி வந்து புகையில் காட்டினார். மூக்கி உடனே கிளம்பிவிட்டாள். ஈரம் போக வெறும் கங்கின் சூடே போதும். அதை அவரிடம் யார் சொல்வது? சாம்பிராணியால்தான் என்று சாதித்துவிட்டார். அந்த வட்டாரத்தில் வேறெந்தக் காருக்கும் இந்த உபசாரம் நடந்ததில்லை.

இரண்டே வருஷத்தில் மூக்கியின் குணமெல்லாம் செண்பகவல்லிக்கு அத்துபடியாகிவிட்டது. ஆனாலும், “என்னமோ சத்தம் கேக்கு, என்னன்னு பாருங்க” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். தன் தயவு இவளுக்குத் தேவையில்லை என்று தெரிந்தால் அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயம்.

1962 ஆடிச் சாரலில் பலவேசத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அன்றைக்குப் பார்த்து வடகரையில் ஹைருன் பீவியின் மகளுக்கு வலி கண்டது. முதல் தடவையாகச் செண்பகவல்லி தனியாகப் போனாள். மத்தியானம் பிள்ளை பிறந்தது, தாயும் சேயும் சுகம். கிளம்பப் பார்த்தால் மூக்கி மூச்சு விடவில்லை. வீட்டில் மனுஷன் ஒற்றையாய்க் கிடக்கிறாரே என்று அவளுக்கு நிலைகொள்ளவில்லை. மூடியைக் கழற்றிக்கொண்டு போய் ஹைருன் பீவியிடம் கங்கு கேட்டாள். கங்கு மட்டும் போதும் என்று தெரிந்திருந்தும், பழக்கதோஷத்தில் கை பிள்ளைக்குப் புகை போட வைத்திருந்த சாம்பிராணியை அள்ளிப் போட்டுவிட்டது.

ஹைருன் பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பச்சப்புள்ளைக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க, நர்சம்மா.”

வீட்டுக்கு வந்ததும் பலவேசம் கேட்டார். “மூக்கி மக்கர் பண்ணலியா?”

“பண்ணிச்சு. ஒரு லாரி டிரைவர் வந்து சரிபண்ணிக் குடுத்தாரு.”

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. வழக்கம்போல் பலவேசம் மூக்கியின் என்ஜினைத் தடவிப் பார்த்தார். மேக்னெட்டோ மூடியைக் கழற்றி முகர்ந்தார். சாம்பிராணி. அதுவும் தங்கள் வீட்டுச் சாம்பிராணி இல்லை, ஜவ்வாது கலந்தது. மூடியைத் திரும்ப மாட்டினார்.

“நீ போயிட்டு வா, செம்பகம். எனக்கு அசதியா இருக்கு.”

சுவரைத் தடவிக்கொண்டு அவர் உள்ளே போவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“நாந்தான் சரிபண்ணினேன்.”

“தெரியும். சாம்பிராணி போடுத லாரி டிரைவர் எந்த ஊர்ல இருக்கான்?”

“எனக்கு எல்லா வேலையும் தெரியும். ஆறு வருசமாத் தெரியும்.”

“அதுவும் தெரியும். முந்தியெல்லாம் நான் சொன்ன பொறவுதான் ஒன் கை தேடும். இப்ப முன்னாலயே போயி சோக்கைப் புடிச்சுக்கிட்டு, நான் சொல்லுததுக்காகக் காத்துக் கெடக்கு. கண்ணுதான போச்சு, வளையல் சத்தம் கேக்கும்லா.”

“பின்ன இன்னைக்கு ஏன் வரமாட்டேங்கிய?”

“தெரிஞ்சும் நீ கேட்டுக்கிட்டு இருந்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நேத்து பொய் சொன்ன பாரு, அப்பத்தான் பாரமாயிட்டமோன்னு இருந்துச்சு.”

செண்பகவல்லி அழுதேவிட்டாள். “நேத்து வடகரைக்குப் போற வழியெல்லாம் பக்கத்து சீட்டு வெறிச்சுன்னு கெடந்துச்சு. போகையிலயும் அழுதேன், வரையிலயும் அழுதேன். காருக்கு நீங்க வேண்டாம். எனக்கு வேணும்.”

பலவேசம் அவள் தோளைப் பிடித்தபடியே நடந்துவந்து, கதவைத் தடவித் திறந்து, தன் சீட்டில் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரேக்கை விட்டாள். மூக்கி சரிவில் உருளத் தொடங்கியது. அவள் வளையல் சோக்கின் அருகே கலகலத்து நின்றது.

“சொல்லுங்க” என்றாள்.

“எதை?”

“சரிவு முடியப்போவுது, சொல்லுங்க.”

“சோக்கை இழு” என்றார் பலவேசம். இழுத்தாள். குற்றாலத்தில் அன்றைக்கு ஏழு மணி இருமல் ஏழேகாலுக்குத்தான் கேட்டது.