எரியாத மருந்து

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற மிஸ்ஸி புள்ள என் கால்விரல் இடுக்கில் வெள்ளைக் களிம்பைத் தடவிவிட்டு, "எரியுதா உம்மா?" என்று கேட்டாள். எரியவில்லை. குளிரவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் காலில் யாரோ மருந்து தடவ, நான் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"எரியாத மருந்து என்ன மருந்து மகள்?" என்றேன்.

அவள் சிரித்தாள். எத்தாளைப் பக்கத்துப் பிள்ளை, நல்ல கைராசி. "எரிஞ்சாத்தான் மருந்தோ? யாரும்மா உங்களுக்குச் சொன்ன?"

யார் சொன்னது என்று அந்த மர வாங்கில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற கதையா அது? பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. உங்களிடம் ஆறுதலாகச் சொல்லலாம். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்கிறார்களே அதுதான். அதோடு இந்த மழைக்கு விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்துவிட்டது. சேற்றுப்புண் யாருக்குத்தான் வராது? ஆனால் சீனிக்காரருக்கு வந்தால் டொக்டரின் முகம் வேறாகிவிடுகிறது. என் மகளின் குரலும் வேறாகிவிடுகிறது. "கால் சுகமாகல்லெண்டா இந்த முறை நான் கேக்கமாட்டன் உம்மா. கொழும்புக்குக் கூட்டிட்டு வந்திருவன்" என்கிறாள். நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. ஆனால் அவளுடைய வீடு மாடிக்கு மேல் மாடி. கதவைத் திறந்தால் எதிரில் இன்னொரு கதவு. இங்கே எனக்கு என் கிணறு இருக்கிறது, என் முற்றம் இருக்கிறது, தேத்தண்ணிக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆகவே இந்தக் கால் சுகப்பட்டே ஆக வேண்டும்.

அடுத்த கட்டிலில் யாருக்கோ மருந்து கட்ட ஒரு கபிலப் போத்தலைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு ஹமீதா ராத்தாவின் பால்மா டின் ஞாபகம் வந்துவிட்டது.

மன்னாரிலிருந்து எங்களை விரட்டியதும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்து, கனமூலைப் பக்கம் அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் கிடந்த காலம் அது. வள்ளத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்த என் மனுசர் தென்னந்தோட்டத்தில் கூலிக்கு நின்றார். நான் உப்பளத்துக்குப் போனேன். கூட்டிப்போனவர் ஹமீதா ராத்தா. எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரி; புத்தளத்துப் பழைய ஆள், உப்புக்குள்ளேயே வயதுக்கு வந்தவர். "அகதிப் பொம்புளைக்கு உப்பு வேலை வாராது" என்று யாரோ சொன்னதற்கு, "உனக்கு மட்டும் வயித்துக்க இருந்து வந்ததோ?" என்று கேட்டு அந்த வாயை மூடியவர்.

உப்புத் தண்ணீரில் நிற்கிற காலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். உப்புக் கட்டி கண்ணாடி போல வெட்டும். வெட்டின இடத்தில் தண்ணீர் ஊறும். வீட்டுக்கு வந்தால் தொழுகைக்கு வுழூச் செய்ய விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவோம். துடைக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. ஈரக் காலோடு தொழுது, ஈரக் காலோடு படுத்து, விடிந்ததும் மறுபடி உப்புக்குள். புண் வராமல் என்ன செய்யும்? ஆனால் புண் இருப்பது கங்காணிக்குத் தெரியக் கூடாது. நடை கொஞ்சம் கோணினாலும், "கால் சுகமானாப் பொறகு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்குச் சம்பளம் இல்லை. அதனால் எல்லாரும் இராணி மாதிரி நிமிர்ந்து நடப்போம். உப்பளத்து ஓரத்தில் நின்ற உடை மரத்தடிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் முனகல்.

அந்த மரத்தடிதான் எங்கள் ஆஸ்பத்திரி. ராத்தாவின் பால்மா டின்னுக்குள் கந்தகத் தூள் இருக்கும், வேப்பெண்ணெய் இருக்கும், படர்தாமரைக்குத் தேய்க்க வண்டுகொல்லி இலை இருக்கும், ஒரு குட்டிப் போத்தலில் டிங்சர் இருக்கும். எந்த மருந்து நல்லது, எது ஆகாது என்று அங்கேதான் தீர்ப்பு. தீர்ப்புக்கு ஒரே சட்டம்: எரிய வேண்டும். வேப்பெண்ணெய் லேசாகக் கடிக்கும், அது சிறுபிள்ளைகளுக்கு. கந்தகம் பரவாயில்லை. டிங்சர் போட்டால் உச்சி மயிர் எழும்பும். அதுதான் முதல் தரம். நாள் முழுக்க உப்பு எரிக்கிற காலுக்கு, உப்பையும் வெல்லுகிற எரிவு வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

அந்த நேரம் முகாமுக்கு வந்த டொக்டர் ஒருவர் எனக்கு ஒரு வெள்ளைக் களிம்பு தந்தார். ராத்தா அதை முகர்ந்தார், உள்ளங்கையில் தேய்த்தார். "இது மூஞ்சிக்குப் பூசுற கிறீம். கலியாண வீட்டுக்குப் போடு" என்றார். மரத்தடி முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரோசம் வந்தது. "டொக்டர் பொய்யா சொல்ற? பாப்பமே ராத்தா, ஒரு காலுக்கு அது, ஒரு காலுக்கு இது" என்றேன்.

வலது காலுக்கு டொக்டரின் களிம்பு, இடது காலுக்கு ராத்தாவின் டிங்சர். பெண்கள் எல்லாம் தினமும் என் காலைக் குனிந்து பார்ப்பார்கள். சீக்கிரமே வலது கால் காய்ந்து தோல் பிடித்தது. இடது கால் சிவந்து, பிளந்து, நீர் வடிந்தது.

இப்போது உங்களிடம் கேட்கிறேன், எந்த மருந்து வென்றது? உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. ராத்தா இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாத்தியா புள்ள, டிங்சர் நோவ வெளிய இழுக்குது. அந்தக் கிறீம் உள்ளுக்க அமுக்கிப்போட்டுது. அது பொறகு எலும்புக்கு இறங்கும்" என்றார். எல்லாரும் "ஓம் ஓம்" என்றார்கள். நானும் ஓம் என்றேன். அன்றிலிருந்து சுகமான காலுக்கும் டிங்சர்! உள்ளே அமுங்கியதை வெளியே எடுக்க வேண்டுமே. பிறகு என்ன, இராணி நடை போய் நண்டு நடை வந்தது. கங்காணி வரம்பில் நின்று பார்த்துவிட்டு, கையால் வீட்டுக்குப் போகிற பாதையைக் காட்டினார்.

மாரி தொடங்கும் வரை நான் கொட்டிலிலேயே கிடந்தேன். ராத்தா பின்னேரங்களில் மீனோ மரவள்ளியோ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் காலைப் பார்த்து, "எரியுதா?" என்பார். "எரியுது ராத்தா" என்பேன். "அப்ப நல்லம்" என்பார். அந்த மனுசியை நான் இன்றைக்கும் கோபிக்கவில்லை.

ராத்தா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். உடை மரத்தை வெட்டிவிட்டார்கள். நாங்கள் நின்ற உப்புப் பாத்திகளில் இப்போது இறால் வளர்க்கிறார்கள் என்று கேள்வி. போய்ப் பார்க்க மனமில்லை, அலுப்பு.

இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்க, மிஸ்ஸி புள்ள ஒரு நூலை எடுத்தாள். தூண்டில் தங்கூஸ் மாதிரி, நுனி மட்டும் குட்டை. "கண்ண மூடுங்க உம்மா. நான் தொடக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க." முழங்காலுக்குக் கீழே தொட்டாள். "ஓம்" என்றேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு பாதத்துக்குப் போயிருப்பாள். கொஞ்சம் பொறுத்தேன். இப்போது தொட்டிருப்பாள் என்று நினைத்து, "ஓம்" என்றேன்.

"இல்ல உம்மா, நான் தொடல்ல."

வெட்கமாகப் போய்விட்டது. சரி, இனி உண்மையாகத் தெரிந்தால் மட்டும் சொல்வோம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். எங்கேயோ பிள்ளை அழுதது. காலில் ஒன்றும் வரவில்லை.

"இப்ப கண்ணத் திறங்க" என்றாள் மெதுவாக.

நூல் என் பெருவிரலில் குத்தி, வில்லாக வளைந்து நின்றது.

வுழூச் செய்ததும் சீலைத் துண்டால் விரலிடுக்கைத் துடைக்கச் சொன்னாள். வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கக் கூடாது என்றாள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்க்கச் சொன்னாள். "கால் இனிச் சொல்லாது உம்மா, நீங்கதான் பாக்கணும்."

பின்னேரம் மகள் தொலைபேசியில் வந்தாள். "மருந்து போட்டீங்களா? எரியுதா?"

"இல்ல மகள். எரியல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப சுகமாகுது" என்றாள். கொழும்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நூல் வளைந்து நின்றதை நானும் அவளிடம் சொல்லவில்லை. மனுசர் சவரம் செய்த கண்ணாடியைத் தேடி எடுத்து, நிலத்தில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்தேன். பெருவிரலுக்குக் கீழே, கழுவக் கழுவப் போகாத உப்பு வெட்டுத் தழும்புகள். முதன்முதல் உப்பு வெட்டிய அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் ராத்தா கூடை உப்பைப் பாதி கொட்டிவிட்டு ஓடிவந்தது ஞாபகம் இருக்கிறது. அவற்றின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரலுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.