படம் என்று எழுதி வந்த டிஸ்க்

ஒரு கல்யாணத்துக்கும் போகாமலேயே, பந்தியில் யார் இரண்டாம் தடவை பாயசம் கேட்டார் என்று சொல்லக்கூடிய தொழில் என்னுடையது. மலேசியாவில் கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கேமரா வாங்கியவர்கள், அழித்து அழித்து எழுதக்கூடிய சின்ன டிஸ்க்கில் எடுத்துத் தள்ளியதையெல்லாம் இப்போது லூனாஸில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். நான் வெட்டி ஒட்டிப் பென்டிரைவில் போட்டுத் தர வேண்டும். சொந்தக்காரர் வீட்டு வீடியோவை எழுந்து போக முடியாமல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்க்கிறேன்.

வெறும் தரை

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கேமராவை அணைக்க மறந்து, தோளில் மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். இருபது நிமிஷம் சிமெண்டுத் தரையும் அவர் செருப்பும்தான். சந்தோஷமாக வெட்டி எறிந்தேன்.

பென்டிரைவை வாங்கிப்போன மறுநாளே அந்தக் கல்யாணப்பெண் வந்து நின்றாள். இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தரை தெரிந்த நேரத்தில் சமையல்கட்டில் பெண்கள் பேசியது, யார் எங்கே சிரித்தது எல்லாவற்றையும் வரி விடாமல் ஒப்பித்தாள். மூன்று தடவை பார்த்த நான் ஒரு தடவைகூடக் காது கொடுக்கவில்லை. அசந்துபோனேன்.

“அதுலதான் எங்க அத்தை சாம்பாருக்கு என்னென்ன போடணும்னு சொல்றாங்கக்கா. வேணும்னா தாலி கட்டுறத பொத்தோங் பண்ணி வெட்டி எறிஞ்சுக்குங்க.”

ஒரே ஒரு ஆமென்

அந்தோணி அண்ணன் யான் என்ற ஊரிலிருந்து வந்தார். பஸ் ஓட்டியவர். மகளின் சர்ச் கல்யாண வீடியோவில் காற்றுச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே எழுத்தாவது போடச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, உதடுகளைப் பார்த்தே பூசை முழுவதையும் சொல்லிவிட்டார். மகள் வாக்குக் கொடுத்த இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடியப்போகும் நேரத்தில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“இந்த எடத்துல நான் மட்டுந்தான் ஆமென் சொன்னேன் லா. என் பேரு போட்டு எழுதும்மா.”

ஐந்து எழுத்து

லெட்சுமி அக்கா கரங்கானில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைப்பவர். அவர் கணவர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடுவார். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அவர் பாடிய ஒரே பதிவை அக்கா கொண்டுவந்தார். அவர் பாட்டை அவருக்கே போட்டுக் காட்டினால் வாய் அசையுமோ என்று ஓர் ஆசை. அடையாளத்துக்காக டிஸ்க்கின் மேல் ‘படம்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

padam என்ற அதே ஐந்து எழுத்துக்கு மலாயில் ‘அழி’ என்று அர்த்தம். அழித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய டிஸ்க்குகளின் மேல் நானும் அதைத்தான் எழுதிவைப்பேன். தேநீர் குடித்துவிட்டு வந்து, மேசையில் கிடந்ததையெல்லாம் அள்ளி ஒவ்வொன்றாக மெஷினில் போட்டேன். அக்காவின் டிஸ்க்கை அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைசியில் போன் போட்டு, அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். நானாக இருந்தால் கடைக்கே வந்து கத்தியிருப்பேன்.

“அழாத தங்கச்சி. தமிழ்ல எழுதாம வுட்டது நாந்தானே?”

சக்கர நாற்காலி

மெஷின் அவசரமாக அழிக்கும்போது எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கும். மேலே வேறு எதையும் எழுதாதவரை உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்க வழி உண்டு. மூன்று நாள் தோண்டினேன். பாதிப் பாட்டு வந்தது.

அக்கா கணவரைச் சக்கர நாற்காலியில் கடைக்கே அழைத்துவந்தார். பாட்டைப் போட்டேன். அவர் வாய் அசையவில்லை. அக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் சுளித்தார். இடது கை நாற்காலியின் கைப்பிடியில் படாரென்று அடித்தது. மறுபடி ஓட்டச் சொல்லி விரலைச் சுற்றினார். ஓட்டினேன். அதே இடத்தில் அதே அடி. அப்போதுதான் எனக்கும் காதில் விழுந்தது: திரையில் பாடும் அவரே அந்த இடத்தில் தாளம் தப்பி, மேளத்துக்குப் பின்னால் ஓடிவருகிறார். நாற்காலியில் இருந்தவர் சரியான தாளத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார்.

“பாத்தியா தங்கச்சி, பேச்சுதான் போச்சு, குத்தம் கண்டுபிடிக்கிறது போகல!”

ஆயிரம் தடவை அழித்து எழுதலாம் என்று டிஸ்க்கின் உறையில் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை அழித்ததற்கே எனக்கு உயிர் போய் வந்தது.