மிளகாய் காய்ந்த கல்

அந்தக் கல்லில் முதன்முதலாக மிளகாய் காயப்போட்டது என் சித்திதான். தெரியாமல் செய்தது.

அப்போது கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டிடத்தின் பதினாலாம் மாடியில் இருந்தோம். எங்கள் பல்கனிக்கு வெயில் வராது. மோர்மிளகாய்க்கு வெயில் வேண்டும். கட்டிடத்துக்குப் பின்னால் கொஞ்சம் புல்லும், அதன் நடுவில் மேசைபோலத் தட்டையாக ஒரு கருங்கல்லும் கிடந்தன. கோடையில் அந்தக் கல் நன்றாகச் சுடும். சித்தி பழைய வேட்டியை விரித்து, மோரில் ஊறிய மிளகாயைப் பரப்பிவிட்டுப் போவார். நான் பக்கத்தில் இருந்து அணில் கலைக்க வேண்டும். மிளகாயை ஒருமுறை கடித்த அணில் திரும்ப வராது. ஆனாலும் இருக்கச் சொன்னார், இருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது. வந்து எட்டு மாதம். ஊரில் சண்டை வந்து செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் அம்மா என்னைச் சித்தியோடு அனுப்பிவிட்டார். காசுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் செய்த கள்ளப் பாஸ்போட்டில் நான் சித்தியின் மகள். அதனால் வீட்டுக்குள் சித்தி, கதவுக்கு வெளியே அம்மா. எங்கள் அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அதற்குப் பழக்க, சித்தப்பா ஒவ்வொரு ஞாயிறும் என்னை முன்னால் நிறுத்திக் கேட்பார்.

"ஆரோட வந்தனி?"

"அம்மாவோட."

"அம்மா எங்கை?"

சித்தியைக் கையால் காட்ட வேண்டும். கொஞ்சம் யோசித்தாலும் திரும்ப முதலில் இருந்து.

அந்தக் கோடையில்தான் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வாளியும் பிரஷும் கொண்டு வந்தார். மிளகாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏசவில்லை. வேட்டியை நாலு மூலையும் பிடித்துத் தூக்கிப் புல்லில் வைத்துவிட்டு, முழங்காலில் நின்று கல்லைத் தேய்த்தார். தேய்த்து முடித்து, எந்த நாடு, எத்தனையாம் மாடி என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

சித்தி தலையில் கைவைத்தார். "மாடியை ஏனடி சொன்னனி?"

இரண்டு நாளில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கிழவிதான், கையில் ஒரு ஃபைல். சித்தப்பா சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தார். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் இங்கிலீஷ் போதாது. மொழிபெயர்ப்பது நான். சண்டைக்குள் இருந்து தப்பவைக்க, தாய் தகப்பன் இல்லாமல் தனியே அனுப்பப்பட்ட பிள்ளைகளின் விசயம் என்றார் கிழவி. அதற்கு எங்கள் கையெழுத்து வேண்டுமாம். அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் சித்தப்பா கதவைச் சாத்திவிட்டார்.

"தனிய அனுப்பின பிள்ளையளாம்! உவவுக்கு ஆர் சொன்னது?"

எட்டாம் மாடி அண்ணையைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கேஸ் முடிந்திருந்தது. அதனால் எல்லாம் அறிந்தவர்.

"உது இமிக்ரேசன்தான். இப்ப கிழவியளைத்தான் அனுப்புறாங்கள். கிழவியெண்டா தேத்தண்ணி குடுத்துக் கதைப்பமெல்லே."

"வாளியோட வந்தவ," என்றார் சித்தி.

"அதுதானக்கா விளையாட்டு. கல்லுக் கழுவுற சாட்டில ஆர் வாறது போறது எண்டு பாக்கலாம்."

அதோடு கட்டிடத்தில் தமிழர் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கிழவி மாடி மாடியாகத் தட்டினார். தட்டினால் உள்ளே ரீவிச் சத்தம் நிற்கும். கொஞ்சநேரம் நின்றுவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். ஒருநாள் எங்கள் வாசலில் கேக் வைத்துவிட்டுப் போயிருந்தார். மேலே முந்திரிகை வத்தல், திராட்சையைக் காயவைத்தது. சித்தி மணந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

பிறகு கதவுக்குக் கீழால் ஒரு தாள் வந்தது. வாசித்தேன். கட்டிடக்காரர் அந்தப் புல்லை வெட்டிக் கார் விடும் இடமாக்கப் போகிறார்கள், கல்லைத் தோண்டி எறியப் போகிறார்கள், தடுக்க வேண்டும் என்று இருந்தது. கல்லில் பிள்ளைகளின் பெயர்கள் இருப்பதாகவும் இருந்தது. பெயர்கள் என்றதும் சித்தி செருப்பைத் தேடினார்.

"எங்கட ஆக்களின்ர பேர் கிடக்கோ எண்டு வாசி, வா."

மிளகாய்த் தட்டோடு இறங்கினோம். கல் கழுவியிருந்ததால் எழுத்துத் தெரிந்தது. மெல்ல வாசித்தேன். இங்கிலாந்தில் பழைய சண்டை. குண்டு விழுகிற ஊர்களில் இருந்து பிள்ளைகளைக் கப்பலில் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் நடுக்கடலில் மூழ்கித் தாண்டுபோனது. கீழே பெயரும் வயதும். எட்டு. ஆறு. பதினொன்று. ஒன்பது. ஒரே குடும்பப் பெயரில் மூன்று.

"தாய் தேப்பன் கூட ஏறேல்லையோ?"

"இல்லையாம்."

"பின்னை ஆர் அனுப்பினது?"

"அவையள்தான்."

சித்தி தட்டைக் கல்லில் வைக்கவில்லை. இடுப்பில் வைத்தபடி திரும்ப லிஃப்டுக்கு நடந்தார்.

"எண்டாலும் கையெழுத்துப் போடேலாது," என்றார் சித்தப்பா.

"ஓம், போடேலாது," என்றார் சித்தி. ஆனால் அன்று பின்னேரம் முழுக்க ரெலிபோனில் இருந்தார்.

தோண்டும் மெஷின் வந்த காலை, புல் தெரியவில்லை. பெட்சீற், வேட்டி, பழைய சேலை எல்லாம் விரித்து ஐந்தாறு மாடிப் பெண்கள் மிளகாயும் வடகமும் பரப்பியிருந்தார்கள். நடுவில் கல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மெஷின்காரன் இறங்கிக் கத்தினான். "நோ இங்கிலீஷ்," என்றார்கள். பத்து வருசம் வங்கியில் வேலை செய்த அன்ரியும் நோ இங்கிலீஷ்தான். கட்டிட மனேஜர் குனிந்து மிளகாயைக் கையால் அள்ளினார். அதே கையால் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு மெஷின் போய்விட்டது. இன்னும் இரண்டுமுறை வந்தது. இரண்டுமுறையும் நல்ல வெயில்.

அதற்குள் கிழவி நகரசபையில் யாரையோ பிடித்துக் கூட்டிவந்தார். புல்லும் கல்லும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

எட்டாம் மாடி அண்ணை வந்து, "ஏனக்கா உந்தக் கிழவிக்கு உதவினனீங்கள்?" என்று கேட்டார்.

"ஆர் உதவினது? மிளகாய் காயப்போட்டனாங்கள்," என்றார் சித்தி. கிழவியைக் கண்டால் அப்போதும் மற்றப் பக்கத்தால்தான் போவார்.

கடைசியாகக் கிழவியை நான் கல்லடியில் கண்டேன். ஒரு பெயரில் விரலை வைத்து, தன் தம்பி என்றார். தனக்கு அப்போது சின்னமுத்துக் காய்ச்சல், உடம்பெல்லாம் கொப்புளம், அதனால் கப்பலில் ஏற்றவில்லையாம். இந்தக் கட்டிடங்கள் வருமுன் இங்கே அவருடைய மாமியின் வீடு இருந்ததாம். மாமி இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டில் போட்டு வைத்துக் காத்திருந்தாராம். பிறகு கல்லை நட்டாராம். சொல்லிவிட்டு, நீ யாரோடு வந்தாய் என்று கேட்டார்.

"அம்மாவோடு," என்றேன்.

நல்லது, நல்லது என்று என் கன்னத்தைத் தடவினார்.

ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். "கிழவி கேட்டவ. நான் யோசிக்காமல் சொல்லிப்போட்டன்."

சித்தி சோறு வடித்துக்கொண்டிருந்தார். பானையை வைத்துவிட்டு, "அவவுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

இத்தனை மாதமாகப் படிப்பித்துவிட்டு இப்படிச் சொன்னால்? இது புதுவிதமான சோதனை என்று நினைத்தேன். சித்தப்பா எங்கேயாவது நின்று கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். ஆளில்லை.

"என்ன உண்மை?" என்றேன்.

"உன்னைப் பெத்த அம்மா எங்கை எண்டு."

அந்தச் சோதனையில் நான் பிடிபடவில்லை. கையை நீட்டி அவரையே காட்டினேன்.

சித்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு பிழையும் விடவில்லை என்று நான் வெளியே நின்று சந்தோசப்பட்டேன்.